இடைக்காலத் துறவு மடம்: நம் மனசில் இருக்கும் படத்தை வரைந்தது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், எந்த மடம், எந்தக் காலம்?

மேற்கு ஐரோப்பாவின் கிறிஸ்தவத் துறவு மடங்கள். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மொன்டே கசினோவில் பெனடிக்ட் என்பவர் (நம்மூர்க் கத்தோலிக்கர்களின் பழைய வழக்கில் ஆசீர்வாதப்பர்) 73 அதிகாரங்களில் ஒரு சட்டநூல் எழுதினார். அங்கே தொடங்கி 16ஆம் நூற்றாண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் இங்கிலாந்து கொஞ்சம் அதிகமாகவே வரும், அதற்குக் காரணம் உண்டு. எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் நடுவில் அங்கே 800க்கும் மேற்பட்ட மடங்களை மூடிவிட்டார். ஆட்கள் போய்விட்டார்கள், சுவர்கள் மட்டும் நின்றன. பூட்டில்லாத வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் குடியேறலாம் இல்லையா? அப்படித்தான் பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தேவைப்பட்ட ஒரு துறவியைக் கொண்டுபோய் அங்கே குடிவைத்தது.

குண்டாக, மூக்குச் சிவந்து, கையில் பீர்க் குவளையோடு ஒரு துறவி. இவர் எங்கிருந்து வந்தார்?

பாதி உண்மையிலிருந்து வந்தார், அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். 1180 வாக்கில் கேன்டர்பரி மடத்தில் விருந்துண்ட வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, 16 பதார்த்தம் வந்தது என்று புலம்பி எழுதியிருக்கிறார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் சமையல் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பார்த்தால் இடைக்காலக் கடைசியில் அங்கே ஒரு துறவிக்கு ஒதுக்கிய ஒருநாள் பங்கு 6,000 கலோரியைத் தாண்டும், பீர் மட்டும் ஒரு காலன். எல்லாவற்றையும் அவரே தின்று தீர்த்தார் என்று இல்லை, மிச்சம் வாசலில் ஏழைகளுக்குப் போனது. நாலுகால் பிராணியின் இறைச்சி நோயாளிக்கு மட்டும்தான் என்று பெனடிக்ட் எழுதியிருந்தார். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டால்தானே தப்பு, பக்கத்திலேயே தனி அறை கட்டி அங்கே சாப்பிட்டுக்கொள்ளலாம்!

ஆனால் 'துறவி என்றாலே இப்படித்தான்' என்று முத்திரை விழுந்தது அரசியலால். 1535இல் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் மடங்களுக்கு ஆய்வாளர்களை அனுப்பினார். என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கிளம்பும்போதே தெரியும். 1536 சட்டத்தைப் படித்தால் சிரிப்பு வரும்: வருஷ வருமானம் 200 பவுனுக்குக் கீழே உள்ள மடங்களில் பாவம் தலைவிரித்தாடுகிறதாம், பெரிய மடங்களிலோ ஒழுக்கம் நன்றாக இருக்கிறதாம். பாவம் 200 பவுனில் வந்து நிற்கிறது! நாலே வருஷத்தில் அந்த ஒழுக்கமான பெரிய மடங்களும் போயின. கிளாஸ்டன்பரி மடத்தலைவர் ரிச்சர்டு வைட்டிங்கை 1539 நவம்பரில் ஊருக்கு வெளியே குன்றின்மேல் தூக்கில் போட்டார்கள்.

பீர்க் குவளை கைக்கு வந்தது அதற்கும் ரொம்பப் பிறகு. 19ஆம் நூற்றாண்டில் மியூனிக்கில் எடுவர்ட் கிரூட்ஸ்னர் என்ற ஓவியர், நிலவறையில் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ருசி பார்க்கும் துறவிகளை வரைந்து வரைந்தே பேர் வாங்கினார். இங்கிலாந்தில் வால்டர் டெண்டி சாட்லர் 1880இல் 'வியாழக்கிழமை' என்று ஒரு படம் வரைந்தார், துறவிகள் வரிசையாக ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் வெள்ளி, மீன்தான் சாப்பிடலாம், அதுதான் நகைச்சுவை. குரோம்வெல்லுக்குத் தேவைப்பட்ட தின்னிப்பண்டாரம் 300 வருஷத்தில் வரவேற்பறையில் மாட்டும் செல்லத் தாத்தாவாக மாறிவிட்டார். மடங்களைப் பார்த்துப் பயப்பட இனி எதுவும் இல்லை என்று ஆன பிறகு வந்த சிரிப்பு அது.

ராபின் ஹூட் கதையில் வரும் துறவி?

அவர் மடத்துத் துறவியே இல்லை, ஊர் ஊராகப் போய் யாசித்து வாழும் சபைக்காரர். அந்தச் சபைகள் இங்கிலாந்துக்கு வந்ததே 1221இல் டொமினிக்கன்கள், 1224இல் பிரான்சிஸ்கன்கள் என்ற கணக்கில்தான். வழக்கமாகக் கதை நடக்கும் ரிச்சர்டு மன்னன் காலமோ 1190கள். ஆள் ஒரு தலைமுறை முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்.

கூரை இல்லாத தேவாலயம், சுவரெல்லாம் கொடி, ஜன்னல் வழியே நிலா. மடம் என்றால் எனக்கு இந்தப் படம்தான் வருகிறது. ஏன்?

எனக்கும் அதேதான். இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கூரை போனது காலத்தால் அல்ல, ஈயத்தால். மடங்களின் கூரைமேல் ஈயத்தகடு வேய்ந்திருந்தார்கள், அதற்கு நல்ல விலை. ஹென்றியின் ஆட்கள் முதலில் கழற்றியது அதைத்தான், அங்கேயே தீ மூட்டி உருக்கிக் கட்டிகளாக வார்த்தார்கள். யார்க்ஷயரின் ரீவோ மடத்தில் அப்படி உருக்கிய சில கட்டிகளின்மேல் மேற்குச் சுவர் சரிந்து விழுந்துவிட்டது. 1920களில் கல்லை அகற்றியபோது அவை அரச முத்திரையோடு அப்படியே கிடந்தன. அந்த ஈயம் யார்க் பேராலயத்தில் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய கண்ணாடி ஜன்னலுக்குப் பயன்பட்டது. ஈயம் போன கட்டடத்துக்குள் மழை இறங்கும். மிச்சத்தை ஊர்க்காரர்கள் கல் கல்லாகக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகை கட்டிக்கொண்டார்கள்.

இரண்டு நூற்றாண்டு கழித்து அந்த இடிபாடு 'அழகு' ஆனது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1770இல் வேல்ஸ் எல்லையில் ஓடும் வை நதியில் படகில் போனார், 1782இல் பயண நூல் வெளியிட்டார். அந்த நதிக்கரையில் இருக்கும் டின்டர்ன் மடத்தின் முக்கோண முகப்புச் சுவர்கள் இன்னும் ரொம்ப ஒழுங்காக நிற்கின்றன, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் போட்டால் கண்ணுக்கு இன்னும் இதமாக இருக்கும் என்று அதில் எழுதுகிறார்! யாருக்கு அந்தத் துணிச்சல் வரும் என்றும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்கிறார், அதுவரைக்கும் புண்ணியம்.

அதே நூலில் இன்னொரு காட்சி இருக்கிறது, இதை நான் மறக்கவே மாட்டேன். அப்போது டின்டர்ன் இடிபாட்டைச் சுற்றிக் குடிசை போட்டுப் பரம ஏழைகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு கிழவி கில்பினின் குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறாள். கைகால் முடங்கியவள், ஊர்ந்து ஊர்ந்துதான் நடக்க முடிகிறது. கடைசியில் முள்ளும் புதரும் தாண்டிக் காட்டியது ஈரம் சொட்டும் ஒரு பொந்து, அவளுடைய வீடு. அவளுக்குச் சொல்வதற்கு இருந்தது துறவிகளின் கதை இல்லை, தன் கதை. கில்பின் மனம் இளகத்தான் செய்கிறார். ஆனால் அவருக்குப் பிறகு அவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு வந்த ஓவியர்களும் கவிஞர்களும் வரைந்த டின்டர்னில் அவளைத் தேடினால் கிடைக்க மாட்டாள், பசுங்கொடிதான் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கொடியும் இப்போது இல்லை. 1901இல் அரசு இடத்தை வாங்கியது, சுவர் விழுந்துவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள்.

பேய், சுரங்கப்பாதை, உயிரோடு சுவரில் வைத்துப் பூசப்பட்ட கன்னியாஸ்திரி... இதில் ஏதாவது நிஜமா?

கன்னியாஸ்திரி கதையைப் பரப்பியதில் வால்டர் ஸ்காட்டுக்குப் பெரிய பங்கு, 1808இல் வந்த அவருடைய நெடுங்கவிதையில் அப்படி ஒரு காட்சி. அதற்கு முன்பே 1796இல் இருபது வயதுப் பையன் மாத்யூ லூயிஸ் எழுதிய திகில் நாவல் கொடூரத் துறவியைப் பிரபலமாக்கியிருந்தது. கத்தோலிக்கர்கள்மேல் சந்தேகம் ஊறிப்போன ஒரு நாட்டில் இதெல்லாம் சூடாக விற்றதில் என்ன ஆச்சரியம்? அப்புறம் எந்தப் பழைய வீட்டில் கதவு கிறீச்சிட்டாலும் முற்காலத்தில் இங்கே மடம் இருந்தது என்று ஆரம்பித்துவிடுவார்கள். எசெக்ஸில் போர்லி பாதிரியார் இல்லம் என்று ஒன்று, இங்கிலாந்திலேயே பேய் அதிகம் உலாவும் வீடு என்று 1930களில் விளம்பரமானது. துறவியும் கன்னியாஸ்திரியும் காதலித்து ஓடப் பார்த்த கதை அதற்கும் உண்டு. அந்த இடத்தில் மடமே இருந்ததில்லை.

சுரங்கம் மட்டும் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் பக்கத்து ஊர்க் கன்னியர் மடத்துக்குப் போகும் ரகசிய வழி அல்ல. சாக்கடை. மடம் கட்டுகிறவர்கள் முதலில் பார்த்தது தண்ணீரை, ஓடையைத் திருப்பிச் சமையலறை வழியாகக் கழிப்பறைக்கு அடியில் ஓடவிடுவார்கள், ஆள் நடக்கிற உயரத்துக்குக் கல்லால் வளைவு கட்டுவார்கள். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி மடத்தின் பெருவடிகால் 1990 வாக்கில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டபோது உள்ளே இசைக்குறிப்பு கீறிய கற்பலகைத் துண்டுகள் கிடைத்தன. எனக்கு எந்தப் பேயையும்விட அந்தப் பலகை சுவாரசியம்.

பணக்காரர்கள் மடம் மாதிரியே வீடு கட்டிக்கொண்டார்களாமே?

கட்டினார்கள். வில்லியம் பெக்ஃபோர்டு என்ற சர்க்கரைத் தோட்ட வாரிசு ஃபான்ட்ஹில்லில் ஒரு 'மடம்' கட்டினார், 80 மீட்டருக்கு மேல் கோபுரம், ஜெபம் செய்ய ஒரு துறவியும் கிடையாது. 1825இல் கோபுரம் தானாகவே சரிந்தது, இதற்குச் சுத்தியலும் தேவைப்படவில்லை. பணம் ஜமைக்காவின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். தோட்டத்துக்கு அலங்காரமாகச் சம்பளத்துக்குத் தவசி வைப்பதும் 18ஆம் நூற்றாண்டில் ஒரு மோஸ்தர். பெயின்ஷில் தோட்டத்தில் ஏழு வருஷம் தாடி மழிக்காமல் யாரோடும் பேசாமல் இருந்தால் 700 பவுன் என்று ஆள் எடுத்தார்களாம், வந்தவர் மூணு வாரத்தில் காணாமல் போனார் என்று கதை.

சரி, துறவிகள் எப்போது 'நல்லவர்கள்' ஆனார்கள்?

தொழிற்சாலைப் புகை வந்த பிறகு. 1834இல் இங்கிலாந்து ஏழைகளுக்கான சட்டத்தை மாற்றியது: உதவி வேண்டுமா, குடும்பத்தைப் பிரித்துவிட்டு ஏழையர் இல்லத்துக்குள் வா என்று. இரண்டு வருஷத்தில் கட்டடக் கலைஞர் அகஸ்டஸ் பியூஜின் 'முரண்கள்' என்ற படநூலைக் கொண்டுவந்தார், 1841இல் விரிவாக்கிய பதிப்பு. அதில் ஒரு பக்கம்: ஒருபுறம் புதுக்கால ஏழை, சிறைமாதிரிக் கட்டடம், கஞ்சி, சவுக்கு, செத்தால் உடல் அறுவைக்கூடத்துக்கு. மறுபுறம் பழைய மடத்து ஏழை, மாட்டிறைச்சி, பீர், செத்தால் முறையான அடக்கம். ஒரே நகரத்தை 1440இலும் 1840இலும் காட்டும் இன்னொரு படம் இதைவிடப் பிரபலம். கோபத்தில் வரைந்த படங்கள், ஆகவே 1440இல் யாருக்கும் பசியே இல்லை.

1843இல் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் வந்தார். ஜோசலின் என்ற துறவி 1200ஐ ஒட்டி எழுதிய நாட்குறிப்பு போன்ற வரலாறு 1840இல் அச்சாகியிருந்தது. அதில் வரும் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தலைவர் சாம்சனை (பதவிக் காலம் 1182 முதல் 1211 வரை) கார்லைல் எடுத்துக்கொண்டு, கடனில் மூழ்கிய மடத்தைத் தூக்கி நிறுத்திய வீரத்தலைவர், இன்றைக்கு நமக்கு இப்படி ஒருவர் இல்லையே என்று தன் காலத்து முதலாளிகளைச் சாடினார். சாம்சன் திறமைசாலிதான். ஆனால் 1190இல் பரியில் யூதர்கள் 57 பேர் கொல்லப்பட்டதும், மிஞ்சியவர்களை அதே வருஷம் சாம்சன் ஊரைவிட்டே வெளியேற்றியதும் அந்த வீரருக்குள் அடங்கியதுதான்.

கார்லைலை விட்டுவிட்டு ஜோசலினையே படியுங்கள் என்பேன். 1198இல் ஒரு ராத்திரி மெழுகுவத்தி விழுந்து புனிதர் எட்மண்டின் கல்லறை மேடை தீப்பிடிக்கிறது. இளம் துறவிகள் தண்ணீருக்கு ஓடுகிறார்கள், சிலர் கிணற்றுக்கு, சிலர் கடிகாரத்துக்கு. அது தண்ணீரில் ஓடும் கடிகாரம்! இந்த மாதிரி ஒரு வரியை எந்தக் கற்பனையும் கண்டுபிடிக்காது.

'ஜெபம் செய், உழை' என்பது பெனடிக்ட் சொன்னதுதானே?

இல்லை. அந்தச் சொற்றொடர் அவர் சட்டநூலில் எங்குமே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில்தான், ஜெர்மனியின் பியூரோன் மடத்தைத் தொடங்கியவர்கள் வழியாக, அது முழக்கம்போல் பரவியது. பெனடிக்ட் வேலையும் வாசிப்பும் சொன்னார், சோம்பல் ஆன்மாவுக்குப் பகை என்றார். ஆனால் பெரிய மடங்களில் வயல்வேலையைத் துறவிகளே செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். ரீவோவில் 12ஆம் நூற்றாண்டு நடுவில் ஏல்ரெட் தலைவராக இருந்தபோது துறவிகள் 140 பேர் என்றும், எழுத்தறிவில்லாத உழைப்புச் சகோதரர்களும் கூலியாட்களும் 500 பேர் என்றும் அவர் சீடரே எழுதியிருக்கிறார். ஆடு வளர்த்துக் கம்பளி விற்று மடத்துக்கு வந்த பணம் சும்மா வரவில்லை.

அந்தத் துறவிகள் பாடும் இசை? அதுவாவது பழையதுதானே?

பாட்டு பழையது, நாம் கேட்கும் விதம் அவ்வளவு பழையது அல்ல. பிரெஞ்சுப் புரட்சி 1790இலேயே துறவு வாக்குகளை ரத்து செய்துவிட்டது. அறுந்த இழையை 1833இல் சொலேம் என்ற கிராமத்தில் ப்ரோஸ்பெர் கெராஞ்சே என்ற இளம் பாதிரியார் மறுபடி முடிந்தார். அவருடைய மடத்துக்காரர்கள் பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் படித்து, கிரகோரியப் பாடலை எப்படிப் பாடியிருப்பார்கள் என்று உழைத்து ஒரு பாணியை உருவாக்கினார்கள், மெதுவாக அலைபோல வழுவழுப்பாகப் போகும் அந்தப் பாணி. 1994இல் உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்த ஸ்பெயின் சிலோஸ் மடத்துப் பாடல் தட்டு நினைவிருக்கிறதா? அந்த மடத்தையே 1880இல் உயிர்ப்பித்தவர்கள் சொலேம் வழிவந்த பிரெஞ்சுத் துறவிகள். குறை சொல்லவில்லை, நானும் ராத்திரி அதைப் போட்டுத்தான் வேலை பார்ப்பேன்.

பிரம்மாண்ட நூலகம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஏடு எழுதும் துறவி?

நூலகம் என்பது பெரும்பாலும் ஓர் அலமாரி, அல்லது சுவர்மாடம். 9ஆம் நூற்றாண்டில் பேர்பெற்ற, இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் சாங்க்ட் கல்லன் மடத்துப் பட்டியலிலேயே 400 நூல் அளவுதான். மாடிக்குமேல் மாடியாகத் தங்கப்பூச்சோடு இன்று படமெடுக்கும் மடத்து நூலகங்கள் 18ஆம் நூற்றாண்டு வேலை.

எழுதியது நிஜம், ஆனால் பகல் வெளிச்சத்தில்தான் பெரும்பாலும். 10ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஃப்ளொரென்சியோ என்ற எழுத்தர் தன் ஏட்டின் கடைசியில் புலம்பியிருக்கிறார்: எழுதத் தெரியாதவன் இதை ஒரு வேலையாகவே மதிக்க மாட்டான், கண் மங்குகிறது, முதுகு கூனுகிறது, விலாவும் வயிறும் நொறுங்குகின்றன. துறைமுகத்தைப் பார்த்த மாலுமி மாதிரி கடைசி வரியைப் பார்த்து மகிழ்கிறாராம். 13ஆம் நூற்றாண்டுக்குள் பாரிஸ் போன்ற நகரங்களில் கூலிக்கு எழுதுகிற தொழிலாளிகள் இந்த வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டார்கள்.

எப்போதும் மௌனமா?

இரவு ஜெபத்துக்குப் பிறகு வாய் திறக்கக்கூடாது, மற்ற நேரம் குறைத்துப் பேச வேண்டும். அதற்காகக் கைச்சைகை மொழியே வைத்திருந்தார்கள், 11ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பட்டியல் ஒன்றில் 127 சைகைகள். கேன்டர்பரியில் ஜெரால்டு பார்த்த துறவிகள் சாப்பாட்டு மேசையில் கை, விரல் எல்லாம் ஆட்டிய ஆட்டத்தில் நாடகம் பார்ப்பதுபோல் இருந்ததாம், பேசியிருந்தாலே தேவலை என்கிறார்.

அப்போதே அவர்கள் தங்களுக்கு முன்னால் இருந்தவர்களைக் கற்பனை செய்தார்களா?

இது நல்ல கேள்வி. பெனடிக்ட்டே செய்கிறார். துறவிக்கு மது ஆகாது என்று படிக்கிறோம், ஆனால் நம் காலத்துத் துறவிகளிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஆகவே நாளைக்கு ஓர் அளவு என்று விட்டுக்கொடுக்கிறார். முன்னோர்கள் பைபிளில் இருக்கும் 150 சங்கீதங்களையும் (ஜெபப் பாடல்கள்) ஒரே நாளில் முடித்தார்கள், சோம்பேறிகளான நாம் வாரத்துக்கு ஒருமுறையாவது முடிப்போம் என்கிறார். 1098இல் பிரான்சில் சித்தோ மடத்தைத் தொடங்கியவர்கள், பெனடிக்ட் காலத்துச் சுத்தமான வாழ்க்கைக்குத் திரும்புகிறோம் என்று கிளம்பியவர்கள். அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்ற பேச்சு மடத்தைவிடப் பழசு.

அந்தக் கனவின் வரைபடமே ஒன்று இருக்கிறது. 820களில் வரைந்த சாங்க்ட் கல்லன் திட்டப்படம், ஐந்து தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது: தேவாலயம், மருந்துச் செடித் தோட்டம், ரத்தம் எடுக்கும் வீடு, கோழிக்கூடு, கழிப்பறை எல்லாம் இடம் குறித்து. அப்படி ஒரு மடம் கட்டப்படவே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் யாரோ அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் புனிதர் மார்ட்டின் வரலாற்றை எழுதினார்கள், இடம் போதாமல் முன்பக்கத்தில் ஒரு மூலையையும் சுரண்டிவிட்டார்கள். 2013 முதல் ஜெர்மனியின் மெஸ்கிர்ஷ் ஊருக்குப் பக்கத்தில் பழைய கருவிகளை மட்டும் வைத்து அதைக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில்கூட இடைக்கால மடம் இருக்கிறதாமே?

கப்பலில் போனது. பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் 1925இல் ஸ்பெயினில் ஒரு மடத்தின் தாழ்வாரத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, வைக்கோலில் பொதிந்து, ஏறத்தாழ 11,000 பெட்டிகளில் அனுப்பினார். மாட்டுநோய்க்குப் பயந்த அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து வைக்கோலை எரித்துவிட்டு, கற்களை எண் பார்க்காமல் கையில் கிடைத்த பெட்டியில் போட்டு மூடினார்கள். 1950களில் மயாமிக்குப் பக்கத்தில் அதைச் சேர்த்துக் கட்டி முடித்தபோது சில கற்கள் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் மிஞ்சிவிட்டன.

தமிழ்நாட்டுக்கு இதில் ஏதாவது தொடர்பு?

ஒன்று உண்டு, நேரடியான தொடர்பு. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் 1950இல் சாந்திவனம் தொடங்கிய இரண்டு பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர் ஹென்றி லெ சோ, அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்டவர். அவர் வந்த கெர்கொனான் மடம் சொலேம் சபையைச் சேர்ந்தது. கெராஞ்சே முடிச்சுப் போட்ட அந்த இழையின் ஒரு நுனி காவிரிவரை வந்து, காவி கட்டியது.

நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாரும் தேவாலயத்தின் உயரமான வளைவுகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் கழிப்பறைக் கால்வாயைத் தேடுங்கள், தீ மூட்ட அனுமதித்த ஒரே பொது அறையான குளிர்காயும் கூடத்தைத் தேடுங்கள். டின்டர்ன் போனால் தேவாலயத்துக்கும் கூட்ட அறைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை இருக்கும், அவசரமாக நடந்தால் கவனிக்கவே மாட்டீர்கள். புத்தகம் வைத்திருந்தது அங்கேதான். கிழவி காட்டிய பொந்து அதுதானா என்று கேட்காதீர்கள், நானும் அங்கே நின்று அதையேதான் யோசிப்பேன்.